நிறுவனர் விரும்பாத பென்ட்லி

1920களின் இறுதியில், பந்தய மகிழுந்தின் வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள் இருந்தன. எஞ்சினின் கொள்ளளவைப் பெருக்குவது ஒன்று; சூப்பர்சார்ஜர் கொண்டு உருளைகளுக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவது மற்றொன்று. இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி முதல் வழியையே நம்பினார். அவருடைய பந்தய ஓட்டுநர்களுள் ஒருவரான டிம் பர்கின் இரண்டாம் வழியை நாடினார்.

டோரதி பேஜட் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவி நல்கினார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜர், பின்சக்கர இயக்கம் கொண்ட 4.5 லிட்டர் பென்ட்லியின் முகப்பில் பொருத்தப்பட்டது. ஆற்றல் பெருகியது, எரிபொருள் செலவும் எஞ்சின் தாங்க வேண்டிய சுமையும் உடன் பெருகின.

1930ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் போட்டியில் பர்கின் மெர்சிடிஸை விரட்டி முந்தினார். ஆயினும் சூப்பர்சார்ஜர் பூட்டிய பென்ட்லிகள் இரண்டும் போட்டியை முடிக்கவில்லை. வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத 6.5 லிட்டர் பென்ட்லியே. நிறுவனரின் கணிப்பு மெய்யானது. எனினும், அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்கின் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்.

1931இல் நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ் வசமாயிற்று. வரலாறு விந்தையானது, அன்பர்களே! பழைய மாதிரி ஒன்றைப் புதிதாக 12 எண்ணிக்கையில் உருவாக்க 2019இல் பென்ட்லி நிறுவனம் முடிவெடுத்தபோது, அது தேர்ந்தெடுத்தது பர்கினின் மகிழுந்தைத்தான்.