நாடுகளுக்கிடையேயான விலை வேறுபாடு

நாடுகளுக்கிடையேயான விலை வேறுபாடு என்பது, ஒரே பொருளோ சேவையோ ஒரே நாணயத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட பின்னரும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலையில் விற்கப்படுவதைக் குறிக்கும். போக்குவரத்துச் செலவும் வரிகளும் தடைகளும் இல்லாவிடில் ஒரு பொருளின் விலை எங்கும் ஒன்றாகவே அமையும் என்பது பொருளியலில் ஒருவிலை விதி எனப்படுகின்றது. நடைமுறையில் இவ்விதி முழுமையாகப் பொருந்துவது அரிது.

தானுந்துகள்

வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது தானுந்துகளிலாகும். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் தானுந்து உள்நாட்டில் விற்கப்பட்டால் சரக்கு மற்றும் சேவை வரி சேர்கின்றது. கப்பலேறினால் அவ்வரி இல்லை. ஆனால் சென்றடையும் நாடு தன் வரிகளை விதிக்கும். இதனால் ஒரே தொழிற்சாலையின் இரு வண்டிகள் இரு விலை பெறுகின்றன.

சிங்கப்பூரில் 1990 முதல் தானுந்து வாங்குவோர் ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். அது 10 ஆண்டுகளுக்கே செல்லும். 2023 அக்டோபரில் சிறிய தானுந்துகளுக்கான சான்றிதழே 1,00,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலை இதற்குப் புறம்பானது. இலங்கையோ அந்நியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை குறைவதற்கு மாறாக ஏறியது.

இந்தியாவில் முழுமையாக இறக்குமதியாகும் வண்டிகளுக்குச் சுங்கவரி மிக அதிகம், உதிரிகளாக வருவனவற்றுக்குக் குறைவு. வெளிநாட்டு நிறுவனங்கள் பல இங்கேயே பொருத்துகூடங்கள் அமைத்ததற்கு இது முக்கியக் காரணமாகும். சென்னை அருகே 2007இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலை இத்தகையது.

வேளாண் பொருட்கள்

ஏற்றுமதித் தடை உள்நாட்டு விலையைத் தாழ்த்தி, வாங்கும் நாட்டின் விலையை உயர்த்துகின்றது. இந்திய அரசு 2023 திசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதத்தில் விலக்கிக்கொண்டது. தடையின் நோக்கம் பெரிய வெங்காயத்தின் விலையைக் கட்டுப்படுத்துவதாயினும், திண்டுக்கல் போன்ற சந்தைகளில் விற்பனையாகும் சின்ன வெங்காயமும் அதில் அகப்பட்டது. இரண்டுக்கும் தனித்தனி சுங்கக் குறியீடு வேண்டுமென்னும் கோரிக்கை தமிழக உழவர்களிடமிருந்தும் ஏற்றுமதியாளர்களிடமிருந்தும் எழுந்தது இதனாலேயே. நுகர்வோருக்குக் கிட்டிய மலிவின் சுமை விளைவித்தவர் மீது விழுந்தது எனலாம்.

மருந்துகள்

இங்கு காப்புரிமையே விலையைத் தீர்மானிக்கின்றது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வழங்க இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. உள்நாட்டுப் பொதுப்பெயர் மருந்துகள் மூல மருந்தின் விலையில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்து வந்தன.

சேவைகள்

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் காய்ச்சும் வெல்லத்தைச் சரக்குந்தில் ஏற்றி விலை கூடுதலாக உள்ள ஊருக்கு அனுப்பலாம். அவ்வூரில் முடிதிருத்துபவரின் உழைப்பை அவ்வாறு அனுப்ப இயலாது. அதே வேலைக்குச் சிங்கப்பூரில் பன்மடங்கு கூலி கொடுக்கவேண்டியிருப்பது திறமை வேறுபாட்டால் அன்று. அந்நாட்டின் ஏனைய துறைகளில் நிலவும் உயர்ந்த கூலியே அதற்குக் காரணமாகும். பேலா பலாசா, பால் சாமுவேல்சன் ஆகிய இருவரும் 1964இல் தனித்தனியே இதனை விளக்கினர். கடை வாடகையும் விற்பனையாளர் கூலியும் பண்டங்களின் விலையிலும் கலந்திருப்பதால், வரியில்லாப் பொருட்கள்கூட எல்லா நாடுகளிலும் ஒரே விலைக்கு வருவதில்லை.