ஒளி ஒன்று, முகங்கள் மூன்று

திரைப்பட ஒற்றர் என்றதும் நம் இல்லத்துப் பிள்ளைகளின் நாவில் முதலில் வருவது ஜேம்ஸ் பாண்ட் என்னும் பெயரே. 1962ஆம் ஆண்டில் ஷான் கானரி அவ்வேடத்தை ஏற்றார். அவருக்குப் பின் ஜார்ஜ் லேசன்பி, ரோஜர் மூர், டிமோதி டால்டன், பியர்ஸ் பிராஸ்னன், டேனியல் கிரெய்க் என்று 2021 வரை அவ்வேடம் கைமாறி வந்தது. இவர்களுள் சிறந்தவர் யார் என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது தீராமைக்குக் காரணமும் உண்டு. பாண்ட் என்பவன் இயன் ஃபிளெமிங் என்னும் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்தவன். அவனுக்குத் தாயுமில்லை, மண்ணறையுமில்லை. ஆகவே, இன்னார் நடித்ததே சரி என்று சொல்வதற்கு அளவுகோல் ஒன்றும் கிடையாது. காண்போரின் சுவையே தீர்ப்பாகி விடுகிறது.

உண்மையாகவே வாழ்ந்து, உண்மையாகவே உயிர் நீத்த ஒருவரைத் திரையில் காட்டும்போதோ நிலைமை வேறு. அங்கே அளவுகோல் அவருடைய வாழ்க்கையேயாகும். அத்தகைய ஒருவர், திப்பு சுல்தானின் வழித்தோன்றலாக அறியப்படும் நூர் இனாயத் கான் ஆவார். 2014 முதல் 2020 வரையிலான காலத்தில் மூன்று நடிகையர் அவர் வேடத்தை ஏற்றனர். அம்மூவரையும் ஒப்பிட்டுக் காண்பதற்கு முன், அவர் யார் என்று அறிந்து கொள்வோம்.

நூருன்னிஸா இனாயத் கான் 1914 ஜனவரி முதல் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை, பரோடாவில் பிறந்த இசைக் கலைஞரும் ஸூஃபி ஞானியுமான ஹஸ்ரத் இனாயத் கான். தாய், அமீனா பேகம் என்று பெயர் பூண்ட அமெரிக்கப் பெண்மணி ஓரா ரே பேக்கர். இனாயத் கானின் தாய்வழிப் பாட்டனாரான மௌலா பக்ஷ் மணந்த மாதரசி திப்பு சுல்தானின் மரபில் வந்தவர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

பாரிசை அடுத்த சுரேன் என்னும் ஊரில், 'ஃபஸல் மன்ஸில்' என்ற இல்லத்தில் நூர் வளர்ந்தார். 1927இல் தந்தை டில்லியில் காலமானபோது அவருக்கு வயது 13. துயரில் ஆழ்ந்த தாய்க்குத் துணையாகவும், தம்பி தங்கையருக்கு இன்னொரு தாயாகவும் அச்சிறுமி விளங்கினார். பின்னர் இசையும் குழந்தை உளவியலும் பயின்றார். சிறுவர்களுக்காகக் கதைகள் எழுதினார். புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் எடுத்துரைத்த நூல் 1939இல் லண்டனில் வெளிவந்தது. தன் கூட்டத்தார் தப்பிச் செல்வதற்காகத் தன்னுடலையே பாலமாக்கி உயிரைத் தந்த வானர அரசனின் கதை அதில் உண்டு.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியதும் குடும்பம் இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடிச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் நூர் மகளிர் விமானத் துணைப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தித் தொழிலைக் கற்றார். பிரெஞ்சு மொழியைத் தாய்மொழி போலப் பேசும் தந்தியாளர் தேவைப்பட்டதால், பகைவர் பிடியிலிருந்த நாடுகளில் மறைமுகப் போர் நடத்தவென்று பிரிட்டன் நிறுவியிருந்த இரகசிய அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1943 ஜூன் 16 இரவு, சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்சு நாட்டு வயலொன்றில் இறக்கிச் சென்றது. அந்நாட்டுக்கு அவ்வமைப்பு அனுப்பிய முதல் பெண் தந்தியாளர் அவரே. 'மதலேன்' என்பது அவருடைய மறைபெயர்.

சில நாட்களிலேயே பாரிசில் இயங்கிய குழு பகைவரிடம் அகப்பட்டது. தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறைப்பட்டனர். திரும்பி வந்து விடுமாறு லண்டன் அழைத்தது. தமக்கு மாற்றாக ஒருவர் வரும்வரை பாரிசை விட்டு வர இயலாது என்று நூர் மறுத்து விட்டார். தந்தியாளர் ஒருவர் ஆறு வாரங்கள் தாக்குப்பிடித்தாலே அரிது என்று கருதப்பட்ட காலம் அது. ஏறக்குறைய 15 கிலோ எடையுள்ள கருவிப் பெட்டியைச் சுமந்து, இடம் மாறி இடம் மாறி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக் கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

இவ்வரலாற்றைத் திரையில் சொன்ன மூவருள் முதலாமவர் கிரேஸ் ஸ்ரீனிவாசன். 2014ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'எனிமி ஆஃப் தி ரைக்' என்னும் ஆவணப்படத்தில் அவர் நூராகத் தோன்றினார். ஹெலன் மிரன் அதன் வர்ணனையாளர். உறவினரும் அறிஞரும் நினைவுகூர்வதற்கு இடையிடையே நடிப்புக் காட்சிகள் அமைகின்றன. இவ்வமைப்பில் நடிகைக்குக் கிடைக்கும் இடம் சிறிது. ஆயினும், நூரின் வீரத்துக்கு அவர் பிறந்த வீட்டின் ஸூஃபி நெறியிலே வேர் தேடிய படம் இதுவே. அவர் ஏன் சென்றார் என்னும் வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது.

இரண்டாமவர் ராதிகா ஆப்தே; 'தோனி', 'கபாலி' ஆகிய படங்களால் தமிழ் மக்கள் அறிந்த நடிகை. லிடியா டீன் பில்ச்சர் இயக்கிய 'எ கால் டு ஸ்பை' 2019இல் எடின்பரோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2020இல் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. மரக்கால் பூண்ட அமெரிக்க ஒற்றர் வர்ஜீனியா ஹால், பெண் ஒற்றர்களை அனுப்பிய வேரா அட்கின்ஸ், நூர் ஆகிய மூவரின் கதை அது. போரை வெறுக்கும் ஒரு முஸ்லிம் பெண் போர்க்களத்துக்குச் செல்வதன் மனப்போராட்டமே ராதிகா ஆப்தே ஏற்ற சுமை. ஆனால், மூன்று வாழ்க்கைகளை ஒரே கயிற்றில் கோக்கும்போது காலக்கணக்கு நெகிழ்ந்து விடுகிறது. வர்ஜீனியா ஹால் பிரான்சை விட்டுப் பிரனீஸ் மலை கடந்து தப்பியது 1942 நவம்பரில். நூர் அங்கே சென்று இறங்கியதோ அடுத்த ஆண்டு ஜூனில். படத்தைக் கண்டு வரலாறு கற்பவர் இதனை மறத்தலாகாது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் ஷஹீதான பின், அவருடைய மக்களைக் கம்பெனியார் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் அக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது மைசூரின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. அதன் பிறகே அக்குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சிலரின் அடக்கத்தலங்கள் இன்றும் வேலூரில் உள்ளன. திப்புவின் வழிவந்த நூராக நடித்த ராதிகா ஆப்தே பிறந்த ஊரும் அதே வேலூர்.

மூன்றாமவர் அரோரா மரியன். பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 2020 ஜனவரியில் ஒளிபரப்பான 'ஸ்பைஃபால்' கதையின் இரண்டாம் பகுதியில் அவர் நூராக வருகிறார். காலத்தைக் கடந்து பயணம் செய்யும் நாயகி, 1943ஆம் ஆண்டுப் பாரிசில் நூரின் மறைவிடத்தில் தஞ்சம் புகுகிறார். பாசிசம் வென்று விடுமா என்னும் கவலையோடு நூர் கேட்பதும், உம் போன்றோர் இருக்கும்வரை அது வெல்லாது என்னும் கருத்தில் விடை பெறுவதும் உள்ளம் தொடும் இடம். கதை முழுதும் மாயமே; நூர் தோன்றும் நேரமும் சிறிதே. எனினும், வரலாற்று நூலைக் கையிலெடுக்காத சிறுவர்களிடமும் அப்பெயரைக் கொண்டு சேர்த்த பெருமை இதற்கு உண்டு.

மூவருள் யாரை முதலில் வைப்பது? நூரின் வாழ்க்கையையே அளவுகோலாகக் கொண்டால், அவரை மற்ற ஒற்றர்களினின்றும் பிரித்துக் காட்டும் பண்பு எது என்று காண வேண்டும். ஒற்றருக்குப் பொய்யே படைக்கலம். நூரோ பொய்யுரையாமையைத் தந்தையிடம் பாடமாகக் கற்றவர். போர் முடிந்ததும் இந்திய விடுதலையின் பக்கமே நிற்பேன் என்று நேர்முகத் தேர்வில் ஆங்கில அதிகாரிகளிடமே ஒளிக்காமல் கூறியவர் என்பர். நட்புப் பாராட்டி வஞ்சிக்கும் இரட்டை முகம் தமக்கு ஒவ்வாது என்று அவர் சொன்னது பயிற்சிக் குறிப்பிலே பதிவாகியுள்ளது. அவர் இப்பணிக்கு ஏற்றவரல்லர் என்றும் சில அதிகாரிகள் எழுதினர். இரண்டு முகம் வேண்டாம் என்று மறுத்த பெண்ணுக்குத் திரையுலகம் மூன்று முகங்களைத் தந்திருக்கிறது!

அவரிடம் பிழையே இல்லை என்பதும் வரலாறாகாது. அனுப்பிய செய்திகளின் படிகளை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அவை பகைவர் கையில் சிக்கின. நூரே அனுப்புவது போல ஜெர்மானியர் லண்டனுக்குச் செய்தி அனுப்பினர். அதை நம்பி அனுப்பப்பட்ட ஒற்றர்கள் நேரே அவர்களிடம் அகப்பட்டனர். அன்புக்குரியவர் என்பதற்காக இதனை மறைத்தல் முறையன்று.

ஆயின், குறிப்பேடு வெளியிட்டதை நா வெளியிடவில்லை. அவரிடமிருந்து பயனுள்ள செய்தி எதுவும் கிடைக்கவில்லை என்று அவரை விசாரித்த ஜெர்மானிய அதிகாரி கீஃபர் போருக்குப் பின் வாக்குமூலம் அளித்தார். நவம்பரில் சிறைக்கூரை வழியே தப்ப முயன்று பிடிபட்டார். இனித் தப்ப மாட்டேன் என்று எழுதித் தந்தால் அங்கேயே இருக்கலாம் என்றனர். ஒரு கையெழுத்துப் போட்டு விட்டுப் பின்னர் மீறியிருக்கலாம். அவர் கையெழுத்திடவில்லை. ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பப்பட்டு, விலங்குகளோடு தனிமையில் ஏறத்தாழ பத்து மாதங்கள் கிடந்தார். 1944 செப்டம்பர் 13ஆம் நாள், டகாவ் முகாமில், வேறு மூன்று பெண் ஒற்றர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. 'விடுதலை' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அவருடைய கடைசிச் சொல் என்பர்.

தம்மை நம்பி ஒப்படைத்த பெயர்களை அவர் அமானிதமாகக் காத்தார். இதுவே அவருடைய தனிப்பண்பு என்பது என் துணிபு. இப்பண்பு விளைந்த நிலத்தைக் காட்டுவதால், கிரேஸ் ஸ்ரீனிவாசன் நடித்த படத்தையே முதலில் வைப்பேன். நடிப்பு என்று மட்டும் நோக்கினால், பெருஞ்சுமை ஏற்றவர் ராதிகா ஆப்தே. எவர் நடித்தாலும், இரண்டு மணி நேரத் திரைக்குள் பத்து மாத விலங்கு அடங்காது. சுவரை நோக்கி வாய் திறவாதிருந்த அந்நாட்களுக்கு வசனமும் இல்லை.

1949இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது. பிரான்சும் வீர விருது வழங்கிச் சிறப்பித்தது. 2012இல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவர் சிலை திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் இப்படங்களைக் காணட்டும். தடை சொல்ல வேண்டியதில்லை. படம் முடிந்தபின் அவர்களை அருகில் அமர்த்தி, அந்த வானர அரசனின் கதையையும், அதை எழுதிய கை ஒரு கையெழுத்துக்கு மறுத்த செய்தியையும் நாம் சொல்லுவோமாக.