கரிசல் மண்ணின் தானியங்களும் நம் ஆரோக்கியமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பூமி. இங்குள்ள கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால் கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை குறைந்த நீரிலேயே விளையும். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதற்கேற்ற ரகங்களை வெளியிட்டு வருகிறது.

ஆனால் இன்று பல நிலங்களில் மக்காச்சோளம்தான். அது பெரும்பாலும் கோழித் தீவனமாகிறது. 2018-ல் படைப்புழு வந்தபின் பூச்சிமருந்துச் செலவும் கூடியது. நம் வீடுகளிலோ மூன்று வேளையும் அரிசி. கூடவே சர்க்கரை நோய்.

தீட்டிய அரிசியைவிடக் குதிரைவாலியில் நார்ச்சத்தும், கம்பில் இரும்புச்சத்தும் பல மடங்கு அதிகம். நார்ச்சத்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். பயறு வகைகள் நமக்குப் புரதத்தையும், வேர் முடிச்சுகள் வழியே நிலத்துக்குத் தழைச்சத்தையும் தருகின்றன.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டியே உணவாக இருந்தது. நாமும் நோன்புக் கஞ்சியில் பச்சரிசிக்குப் பதில் குதிரைவாலி போட்டுப் பார்ப்போம். அதிகம் தீட்டாததாக வாங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வாங்குவோர் இருந்தால்தான் விதைப்போரும் இருப்பார்கள்.