கடப்பு நேர மாறுபாட்டு முறை

ஒரு கோள் தன் விண்மீனின் முன்னால் கடந்துசெல்லும் நேரம் முன்பின்னாவதை அளந்து, அதன் அருகில் சுற்றும் வேறொரு கோளைக் கண்டறிவது கடப்பு நேர மாறுபாட்டு முறை. தனியாகச் சுற்றும் கோளின் கடப்புகள் சம இடைவெளியில் நிகழும். பக்கத்தில் மற்றொரு கோள் இருந்தால், அதன் ஈர்ப்பால் கடப்பு முந்தும் அல்லது பிந்தும். யுரேனசின் பாதைப் பிறழ்விலிருந்து 1846இல் லெவெரியே நெப்டியூனின் இடத்தைக் கணித்ததும் இவ்வழியில்தான்.

இம்முறையை எரிக் ஏகோல் குழுவினரும், மேத்யூ ஹோல்மன், நார்மன் மரே இருவரும் 2005இல் தனித்தனியே முன்வைத்தனர். சுற்றுக்காலங்கள் 2:1, 3:2 போன்ற எளிய விகிதத்தை நெருங்கும்போது சிறு இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அப்போது புவியளவுக் கோள்கூடச் சில நிமிட மாறுபாட்டை உண்டாக்கிவிடும். 2009இல் ஏவப்பட்ட கெப்லர் தொலைநோக்கி இதற்கு வேண்டிய இடைவிடாத பதிவுகளைத் தந்தது. மறு ஆண்டே கெப்லர்-9 விண்மீனின் இரு கோள்கள் இவ்வாறு உறுதியாயின.

முறையின் ஆற்றலை முழுமையாகக் காட்டுவது கெப்லர்-88. அதன் உட்கோள் சுமார் 10.95 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது. ஆனால் கடப்புகள் சராசரிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் வரை விலகின. கடப்பு நீடிக்கும் நேரமும் சில நிமிடங்கள் கூடிக்குறைந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த டேவிட் நெஸ்வோர்னி குழு, 22.3 நாளில் சுற்றும், வியாழனின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு கொண்ட, நமக்குக் கடப்பே காட்டாத ஒரு கோள் அங்கே இருப்பதாக 2013இல் அறிவித்தது. பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்திலுள்ள சோஃபி நிறமாலைமானி, விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்து அடுத்த ஆண்டே அதை உறுதிசெய்தது. வெறும் கடிகாரக் கணக்கில் பிறந்த ஒரு கோள், வேறொரு கருவியில் அதே நிறையோடும் அதே சுற்றுக்காலத்தோடும் அகப்பட்டது இத்துறையின் பெரும் வெற்றி.

எல்லா விண்மீன்களும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. வெவ்வேறு நிறைகளும் பாதைகளும் ஒரே மாதிரி மாறுபாட்டைத் தரக்கூடும். கெப்லர்-19இல் ஐந்து நிமிட விலகலைக்கொண்டு இரண்டாம் கோள் உண்டென்று 2011இல் சொல்ல முடிந்தது. அதன் சுற்றுக்காலம் 28.7 நாள் என்பது 2017இல் நிறமாலை அளவீடுகளையும் சேர்த்தபோதே தெரிந்தது.

நிறையை அளப்பதிலும் இம்முறை தனிச்சிறப்புடையது. மங்கலான ட்ராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களும் புவியளவை ஒட்டியவை. விண்மீனின் தள்ளாட்டத்தைக்கொண்டு இவற்றை எடைபோடுவது மிகக் கடினம். கடப்பு நேரங்களைக் கொண்டே 2021இல் அவற்றின் நிறைகள் 3 முதல் 5 விழுக்காட்டுத் துல்லியத்தில் கணிக்கப்பட்டன. ஏழும் ஏறக்குறைய ஒரே வகை உட்பொருளால் ஆனவை, புவியைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தவை என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு.