ஒரே கப்பலில்

மத சகிப்பு என்றதும் நம்பிக்கை தளர்ந்துபோன ஒரு மனம்தான் நமக்குத் தோன்றுகிறது. எதிலும் அழுத்தமில்லாதவனே எல்லோரையும் விட்டுவைப்பான் என்று நினைப்பு. ரோஜர் வில்லியம்ஸின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது.

கேம்பிரிட்ஜில் படித்த இந்தப் பியூரிட்டன் பாதிரி 1631ல் பாஸ்டன் வந்தார். இங்கிலாந்துத் திருச்சபையோடு முற்றாக உறவை முறித்துக்கொள்ளாத சபை என்பதற்காக, அங்கு கிடைத்த போதகர் பதவியையே மறுத்தார். அவ்வளவு கண்டிப்பு. ஆனால் இந்தக் கண்டிப்புதான் அவரை அடுத்த முடிவுக்குத் தள்ளிற்று. ஆத்மா கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டது; அதிகாரியின் கை அதன்மேல் படக்கூடாது; கட்டாயத்தில் செய்யும் தொழுகை கடவுளுக்கே அவமதிப்பு. செவ்விந்தியர் நிலத்தைத் தானம் செய்ய இங்கிலாந்து அரசனுக்கு உரிமையில்லை என்றும் சொன்னார். 1635ல் மசாசுசெட்ஸ் அவரை வெளியேற்றியது. மறு ஆண்டு, நாரகான்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார்.

யூதருக்கும் துருக்கருக்கும் கத்தோலிக்கருக்கும், கிறிஸ்துவையே அறியாதவருக்கும் மனச்சாட்சியின் சுதந்திரம் வேண்டும் என்று வாதிட்ட அவருடைய நூலை 1644ல் லண்டன் பாராளுமன்றம் எரிக்க உத்தரவிட்டது. 1655ல் ஊராருக்கு எழுதிய கடிதத்தில் சமூகத்தை ஒரு கப்பலாகக் காண்கிறார். பல மதத்தார் பயணம் செய்யும் கப்பல். யாரையும் ஒரே ஜெபத்துக்கு இழுக்கக்கூடாது. ஆனால் கப்பலை நடத்தும் கட்டளைக்கு எல்லோரும் பணியவேண்டும்.

குவேக்கர்களின் கொள்கை அவருக்கு அறவே பிடிக்காது. 1672ல், எழுபதை நெருங்கும் வயதில், அவர்களோடு நாட்கணக்கில் வாதாடினார். ஆனால் பாஸ்டனில் 1660ல் மேரி டையர் என்ற குவேக்கர் பெண் தூக்கிலிடப்பட்டாள். வில்லியம்ஸின் ரோட் ஐலண்டில் குவேக்கர்கள் குடியிருந்தார்கள். வாதம் வேறு, கயிறு வேறு.

இத்தோடு நிறுத்தினால் அது புனிதர் வரலாறாகிவிடும். 1676ல் போரில் பிராவிடன்ஸ் எரிந்தது. அதன்பின், பிடிபட்ட செவ்விந்தியர்களை ஆண்டுக்கணக்கு வைத்து அடிமை ஊழியத்துக்கு விற்க ஊர் அமைத்த குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். அவர்கள் மொழியைக் கற்று, 1643ல் அதற்கு வழிகாட்டி நூலே வெளியிட்டவர் அவர்.

இதனால் அவர் கொள்கை பொய்யாகிவிடவில்லை. மாற்றானின் ஆத்மாவைக் காக்க அவரிடம் ஒரு தர்க்கம் இருந்தது. அவன் உடலையும் நிலத்தையும் காக்க அது போதவில்லை. மத சுதந்திரம் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.