அணித் தலைவி

வகுப்பில் அகத்திணை நடத்தும் நாள்களில் கரும்பலகையில் ‘தலைவி’ என்று எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் மாணவிகளுக்குத் தெரிந்துவிடும், இவள் காத்திருக்கப்போகிறவள் என்று. பிரிந்துபோவதும் பொருள் தேடுவதும் தலைவனுக்கு உரியவை. அதே சொல்லை இன்று விளையாட்டுப் பக்கத்தில் ‘இந்திய அணித் தலைவி’ என்று வாசிக்கிறோம். அவள் மைதானத்துக்கு வந்த பாதை எளிதானதல்ல.

1973இல் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். 1976 அக்டோபர் இறுதியில் பெங்களூரில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியப் பெண்கள் தம் முதல் டெஸ்டை ஆடினார்கள். தலைவி சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர்; அப்போது வயது 22. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் பயணம் செய்ததையும், படுக்கையைத் தாங்களே சுமந்துபோய்ப் பொதுக்கூடங்களில் தங்கியதையும் அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இத்தகைய அணியில் தலைமை என்பது யாரை எங்கே நிறுத்துவது, யாரிடம் பந்தைக் கொடுப்பது என்பதோடு முடிவதில்லை. களைத்து வந்திறங்கியவர்களை ‘நாம் ஒரு நாட்டின் அணி’ என்று நம்பவைப்பதும் அதன் வேலைதான்.

நம்பினார்கள். அதே தொடரில், நவம்பரில், பாட்னாவில் 5 விக்கெட் வித்தியாசத்தில் முதல் டெஸ்ட் வெற்றி கிடைத்தது. 1977 ஜனவரியில் நியூசிலாந்தின் டனீடனில் சாந்தா 108 ரன் எடுத்தார். டெஸ்டில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அது.

அடுத்த டெஸ்ட் வெற்றி 2002இல்தான் வந்தது, தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில், அஞ்சும் சோப்ராவின் தலைமையில். இடையில் 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1986க்குப் பிறகு 1991 வரை அணிக்கு ஒரு டெஸ்டுகூட இல்லை. 1988 உலகக் கோப்பைக்கு அணி போகவேயில்லை. ஆட்டமே தரப்படாத அணியை எந்தத் தலைவியால் தூக்கி நிறுத்த முடியும்?

2005இல் மிதாலி ராஜ் அணியை உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்துக்குக் கிடைத்தது 1,000 ரூபாய் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2006இல்தான் பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்தது. 2022இல் ஆண்களுக்கு இணையான ஆட்ட ஊதியம் அறிவிக்கப்பட்டது. 2023இல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது.

2025 உலகக் கோப்பைக்குள் இவையெல்லாம் இருந்தன. ஹர்மன்ப்ரீத் கவுரின் அணி தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. இங்கிலாந்திடம் தோற்றது 4 ரன்னில். அந்த ஆட்டத்தில் வெளியே உட்காரவைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ் மீண்டும் சேர்க்கப்பட்டார். அரையிறுதியில் 127 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் ஆஸ்திரேலியாவை வென்று திரும்பினார். காயமடைந்த பிரதிகா ராவலுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர் ஷஃபாலி வர்மா. நவம்பர் 2 அன்று நவி மும்பை இறுதிப் போட்டியில் அவர் 87 ரன் அடித்தார். தென்னாப்பிரிக்கா நிலைகொண்டிருந்த நேரத்தில் ஹர்மன்ப்ரீத் மட்டையாளரான அவரிடமே பந்தைக் கொடுத்தார். ஷஃபாலி 2 விக்கெட் எடுத்தார். 52 ரன்னில் வெற்றி.

ஒதுக்கப்பட்டவளையும் கடைசியில் வந்தவளையும் நம்புவது பெரிய தலைமைதான். ஆனால், ‘ஒரு தலைவி வந்தாள், அணி மாறியது’ என்று மட்டும் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அப்படி எழுதினால் முழுப் பாரமும் ஒருத்தியின் தோளில் ஏறிவிடும். நாளைய தோல்விக்கும் அவளே பதில் சொல்ல வேண்டிவரும். ஆட்டமும் ஊதியமும் தராமல் இருந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். குடும்பத்திலும் அலுவலகத்திலும் நாம் நன்கு அறிந்த ஏற்பாடு இது.

அன்றிரவு ஹர்மன்ப்ரீத் அந்தக் கோப்பையை மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகியோரின் கைகளில் கொடுத்தார். இந்த வரலாற்றை ஓர் ஆளோடு முடித்துவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கல்லூரியில் பெண்கள் அணி இருக்கிறதா, மைதானம் அவர்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, பயணப்படி யார் தருகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தலைவியின் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள்.