கூத்தாநல்லூரும் சோனகத் தெருவும்

கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் என்று காவிரி டெல்டாவின் முஸ்லிம் ஊர்களில் பர்மாவோடு தொடர்பில்லாத பழைய குடும்பம் அரிது. ஆண்கள் சபுராளிகளாக, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்களாக, ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். வீடும் வயலும் இங்கே இருந்தன. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு போட்டதும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் பாதையிலேயே மடிந்தார்கள். போர் முடிந்து மறுபடி போனவர்களுக்கு 1964இல் இரண்டாம் அடி. பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது.

கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் யாழ்ப்பாணம். அங்கே சோனகத் தெரு முஸ்லிம்களும் தமிழ் பேசுகிறவர்கள்தாம். 1990 அக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். நகையும் பணமும் வழியில் பறிபோயின. எருக்கலம்பிட்டியிலிருந்தும் மன்னாரின் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் படகேறிப் புத்தளம் பகுதியின் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த ஒரே மாதத்தில் வட மாகாணம் இழந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேல்.

இரண்டு கூட்டமும் உடைமையைப் பறிகொடுத்தவை. ஆனால் ரங்கூனில் விரட்டியது அந்நிய நாட்டு அரசு. கப்பலேறிய சபுராளிக்குச் சென்னையில் இறங்கினால் காவிரிக்கரையில் ஒரு வாசல் இருந்தது. எல்லோருக்கும் இருந்தது என்று சொல்லமாட்டேன். பர்மியத் தாய்க்குப் பிறந்து, அங்கேயே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கரைதான் அந்நியம். சோனகத் தெருக்காரருக்கோ விரட்டப்பட்ட இடமே பூர்வீகம். விரட்டியவர்கள் பேசியது அவர் வீட்டில் பேசிய அதே தமிழ். அதனால்தான் 1990 எனக்கு அதிகம் வலிக்கிறது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். சொல் வந்தது, நிலம் வரவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்கள் இடிந்த சுவரையும் காடு மண்டிய மனையையும் கண்டார்கள். சிலருடைய காணியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். உதவித் திட்டங்களில் போரின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களே முந்தினார்கள். 1990இல் விரட்டப்பட்டவர்களுக்குப் 'பழைய அகதிகள்' என்று பெயர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1983 கறுப்பு ஜூலைக்கு நாம் இங்கே ஊர்வலம் போனோம், கடையடைத்தோம். அது சரியானதே. 1990 அக்டோபருக்கு, பர்மாவில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களை வைத்திருக்கும் இந்த டெல்டாவிலிருந்தாவது குரல் எழுந்திருக்க வேண்டும்.